ஆற்றில் ஒன்றுமில்லை என்று எழுதினவர்களுக்கு

முகத்துவாரக்குப்பத்தில் படகு எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். அதற்கு முன்னால் எஞ்சின் கெட்டால் காசிமேடு வரைக்கும் கட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டும். டோல்கேட் பக்கம் ஒரு பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். யாரும் எனக்குத் தொழில் சொல்லித் தரவில்லை. முதலாளியின் கை போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்து, தொழிலைக் கண்ணாலேயே திருடிக்கொண்டு ஊருக்கு வந்தேன். ஆற்றோரம் தார்ப்பாய் கட்டிக் கடை போட்டேன். காற்று அடித்துக்கொண்டு போனது. ஓலை போட்டேன். பற்றிக்கொண்டது. அப்புறம் செங்கல் வைத்தே கட்டிவிட்டேன். இன்றைக்கும் நிற்கிறது.

பட்டறையோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது என்னால். லாரி வராத கோடையில் பெண்களைக் குடத்தோடு கூட்டிக்கொண்டு போய் நெடுஞ்சாலையில் உட்காரவைத்தவன் நான். போலீஸ் ஜீப்பில் ஏறினவனும் நான். கரையில் ஐஸ்பெட்டி வைக்கிற மேடை என் வேலை. பஸ் நிறுத்தத்துக் கூரை என் வேலை. கடைசியாக ஊர்க்கூடம். எந்தக் குடோனை இடிக்கிறார்கள் என்று தேடித் தேடிப் போய், பழைய செங்கல்லும் இரும்பும் பேரம் பேசித் தூக்கிவந்து அதை எழுப்பினேன். இவனாவது கட்டுவதாவது என்று சிரித்தவர்கள்தான் இன்றைக்கு அதில் பிள்ளைகளுக்குக் காதுகுத்து வைக்கிறார்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி.

தற்பெருமை பேசுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பேச எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது இவற்றைப் பற்றி இல்லை. நான் கட்டினவற்றிலேயே பெரியது ஒன்றை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு பல்கலைக்கழகமும் எங்கள் ஊரும் சேர்ந்து ஆற்றைக் கணக்கெடுத்தோம். அந்தக் கணக்கு எடுக்கிற முறையைக் கட்டினவன் நான். அது செங்கல்லும் சிமெண்டும் இல்லை. அதனால் பிடுங்கச் சுலபமாக இருந்தது.

நாங்கள் ஆறு என்று சொல்வதை அவர்கள் கழிமுகம் என்கிறார்கள். இரண்டும் ஒரே தண்ணீர்தான். ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து சேர்கிறது, ஒரு பக்கம் அவர்கள் விடுகிற சுடுதண்ணீர், மழை பெய்தால் கம்பெனிகளின் எண்ணெய். அதனால் எங்கள் ஊருக்கு விருந்தாளிப் பஞ்சமே கிடையாது. பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனவர்கள் உண்டு. ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் போனவர்கள் உண்டு. பிள்ளைகளின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. ரிசல்ட் வந்ததும் சொல்கிறோம் என்பார்கள். எடுத்த ரத்தத்துக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. மீன் விற்கிற என் மனைவி சொல்வாள்: "கொசு கூட கடிச்சிட்டு கொஞ்ச நேரம் இங்கயே சுத்தும்யா. இவங்க எடுத்த ஒடனே பறந்துடறாங்க."

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பேராசிரியர் வந்தார். ஐம்பதைத் தாண்டின மனிதர். கூடத்து வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். அது எனக்குப் பிடித்தது. அவரோடு வந்த துணிப் பேனரில் 'சமபங்குக் கூட்டாண்மை' என்று எழுதியிருந்தது. அதைக் கட்ட ஆணி கேட்டார்கள். ஆணி கொடுத்தவனும் நான்தான்.

"ஐயா, இந்த முறை வேற மாதிரி. நீங்களும் நாங்களும் சமம்" என்றார் பேராசிரியர்.

"சமம்னா இன்னா சார்? நீ இங்க வந்து கேள்வி கேக்கற மாதிரி, நான் உன் காலேஜுக்கு வந்து கேக்கலாமா?"

சிரித்தார். "தாராளமா" என்றார்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். எங்கள் ஊரில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லாத எதுவும் செல்லாது. கல்யாணம் பேசி முடித்தாலும், வலைத் தகராறு தீர்ந்தாலும், கோயில் வரி போட்டாலும், ஒருத்தர் எழுந்து நின்று உரக்கச் சொல்லவேண்டும். மறுக்கிறவன் அங்கேயே எழுந்து மறுக்கவேண்டும். அப்போது மறுக்காதவன் அப்புறம் வாய் திறக்கக் கூடாது. வீட்டுக்கு வீடு போய்க் கையெழுத்து வாங்குவதை எங்கள் ஊரில் யாரும் ஒப்பந்தம் என்று மதிப்பதில்லை.

"நீ எந்தக் கணக்கு எடுத்தாலும் சரி, காலேஜுக்கு எடுத்துகினு போறதுக்கு முன்ன இந்தக் கூடத்துல மைக்ல படிக்கணும். ஊரு சரின்னா எடுத்துகினு போ. இல்லன்னா கெடையாது" என்றேன்.

பேராசிரியர் கொஞ்சம் யோசித்தார். கூட வந்திருந்த பெண்தான் "இது நல்லா கீதே சார், ஒத்துக்கலாம்" என்றாள். எங்கள் பாஷை கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். கொடுங்கையூரில், குப்பைமேட்டுப் புகையிலே வளர்ந்தவள். புள்ளியியல் படித்துவிட்டு அந்தப் பல்கலைக்கழகத்திலேயே வேலை. ஊர் அவளுக்குக் கணக்கு டீச்சர் என்று பெயர் வைத்தது. ஒப்பந்தத்தில் என் நிபந்தனையை அவள்தான் எழுதிச் சேர்த்தாள். ஊர்த் தலைவர் கையெழுத்துப் போட்டார். அவர் எனக்கு அக்கா மகன் முறை.

வேலை ஆரம்பித்தது. தொப்பி போட்ட மாணவர்கள் விடியற்காலையில் கரையில் நின்றார்கள். படகு வந்து சேரச் சேர, இறங்குகிறவனிடம் இன்றைக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டு, கையிலிருந்த கருவியில் தட்டிக்கொண்டார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒருத்தர் கூடையையும் தொடவில்லை. அனுமதியில்லாமல் தொடக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். இப்படியே ஒரு பருவம் போனது.

முதல் வாசிப்புக்கு ஊர் முழுவதும் கூடத்துக்கு வந்தது. சுவரில் வெள்ளைத் துணி கட்டி, கணக்கு டீச்சர் ஒரு படம் போட்டாள். கீழே நாள், பக்கத்தில் எடை, மீன் ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும் என்று விளக்கினாள். கோடு எங்கேயும் ஏறவில்லை. செத்த பாம்பு மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தது.

பேராசிரியர் மைக்கை வாங்கினார். இந்த ஆறு செத்துவிட்டது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம் என்றார். கூட்டம் கைதட்டியது. ஆறு செத்ததற்குக் கைதட்டினவர்கள் உலகத்திலேயே நாங்கள்தான். தலைவர் எழுந்து, "இத்த ஆபீஸ்ல கொண்டுபோய் வெச்சா நட்டஈடு தானா நடந்து வரும்" என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

நான் எழுந்து போய் மைக்கை வாங்கினேன்.

"இன்னா சார் இது? ஆத்துல ஒண்ணுமே இல்லன்னா, என் வூட்ல கொதிச்சிகினு கீற இறாலு எங்கேர்ந்து வந்துச்சு? ஆகாசத்துலேர்ந்து வுழுந்துச்சா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு. என் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "காலைல நான் வித்தது இன்னா, கூழாங்கல்லா?" என்றாள்.

பேராசிரியருக்குப் புரியவில்லை. நான்தான் புரியவைத்தேன். எங்கள் கரையில் வந்து இறங்குகிறவனிடம் எவ்வளவு என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வான். கூடை பெண்கள் கைக்குப் போய் முதல் போணி ஆகிற வரைக்கும் வலையில் பட்டதை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் நாளைக்குப் படாது. கூடப் பிறந்த அண்ணன் கேட்டாலும் அதுதான் பதில். ஈரச் சாக்குப் போட்டு மூடின கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கழுத்து அழுந்த, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று "ஒண்ணுமில்லப்பா" என்பான். கேட்டவனும் சரி என்று போய்விடுவான். இந்தப் பிள்ளைகளோ அதைக் கேட்டுக் கேட்டுப் பூஜ்யம் என்று சுழி தட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பொய் சொன்னதாக ஒருத்தனும் நினைக்கவில்லை. வணக்கம் சொன்னால் வணக்கம் சொல்வது மாதிரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கூட்டம் கலைந்தது. வாசலில் தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, நீ கொஞ்சம் கம்முனு குந்திகினு இருந்திருக்கலாம்ல? படிச்சவங்களே எழுதிட்டாங்க. நமக்கு நல்லதுதான?"

"நல்லதா? ஆத்துல மீனே இல்லன்னா மீன் புடிக்கறவனும் இல்ல. புடிக்கறவன் இல்லன்னா இது ஆறே இல்ல, வெறும் சேறு. சேத்த ரொப்பறதுக்கு எவன் உன்னாண்ட பர்மிஷன் கேப்பான்?"

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. எதிர்க்கரையில் ஒரு பகுதியை அப்படித்தான் தூர்த்தார்கள். அங்கே தொழில் நடக்கவில்லை என்று ஒரு காகிதத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. இப்போது எங்கள் பக்கத்துக்கும் ஒரு திட்டம் வரப்போகிறது என்று பேச்சு இருந்தது. அந்த வரியை அவர்கள் எழுதத் தேவையில்லாமல் நாங்களே, சமபங்காக, எழுதிக் கொடுக்க இருந்தோம்.

தலைவர் கேட்கிற நிலையில் இல்லை. "இல்ல, நான் தெரியாமதான் கேக்கறேன். கம்பெனிக்காரன் உனக்கு இன்னா குடுத்தான்?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் யாரும் அவரை அதட்டவில்லை. அது எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது. அதற்கப்புறம் கொஞ்ச காலம் என் பட்டறைக்கு உள்ளூர் எஞ்சின் வரவில்லை. காசிமேட்டுக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். நான் டீக்கடைக்குப் போனால் பெஞ்சு காலியாகும். ஒருநாள் என் காதில் விழும்படியே ஒருத்தன், "கெய்வனுக்கு வாய்ல சனி. வந்துகினு இருந்த நட்டஈட்ட வாயாலயே தொரத்திட்டான்" என்றான். அவன் படகு நடுக்கடலில் நின்றபோது அலை மேல் போய் எஞ்சினைக் கிளப்பிக் கொடுத்தவன் நான்.

பேராசிரியரும் லேசில் வழிக்கு வரவில்லை. முறைப்படி சேகரித்த தரவு, அதைத் தூக்கி எறிய முடியாது என்றார். கணக்கு டீச்சர் மட்டும் தனியாக என் பட்டறைக்கு வந்தாள். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நைனா, ஒரே ஒரு கேள்வி. அவங்க ஒண்ணுமில்லன்னு சொன்னது, மீன் இல்லன்னா? சொல்ல மாட்டேன்னா?"

"சொல்ல மாட்டேன்னுதான்."

"அப்ப அது சுழி இல்ல நைனா. காலி. சுழின்னா எண்ணிப் பாத்தோம், ஒண்ணுமில்ல. காலின்னா நாம எண்ணவே இல்ல. காலிய பூரா சுழியா போட்டு வெச்சிகீறோம்." நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மொத வருசம் படிக்கிற புள்ளைங்களுக்கு நானே எடுக்கற பாடம் இது."

எனக்கு உடனே பிடிபட்டது. டீசல் முள் கீழே நின்றால் டாங்கி வற்றிப்போயிருக்கலாம், முள்ளே கெட்டுப்போயிருக்கலாம். முள்ளை மட்டும் பார்த்துவிட்டு டீசல் இல்லை என்று சொல்கிற மெக்கானிக்கை நான் வேலைக்கு வைக்கமாட்டேன். அதை அவளிடம் சொன்னேன். பிற்பாடு அந்த உதாரணத்தை அவர்கள் புத்தகத்திலும் போட்டுக்கொண்டார்கள்.

"அப்ப யாராண்ட கேக்கறது?" என்றாள்.

"ஆம்பளைங்கள வுடு. கரைல கேக்காத. வித்து முடிச்சிட்டு கூடைய கழுவிகினு வருவாளுங்க பாரு பொம்பளைங்க, அவங்களாண்ட கேளு. போணி ஆயிடுச்சுன்னா சொல்றதுல தோஷம் இல்ல."

அந்த ஒரு வார்த்தைதான் மொத்தத்துக்கும் அஸ்திவாரம். அதைச் சொன்னது யார்? நான்.

ஆனால் பெண்கள் சொல்லவேண்டுமே. ஆம்பிளைகள் கோபத்தில் இருந்தார்கள். அவர்களை மீறிப் பெண்கள் பேச யோசித்தார்கள். என் மனைவியிடமிருந்துதான் ஆரம்பிக்கவேண்டியிருந்தது.

"நீ மொதல்ல சொல்லு. உன்ன பாத்து மத்தவங்க சொல்லுவாங்க."

"யோவ், உன்ன கட்டிகினு வந்த நாள்லேர்ந்து இன்னிக்கு இன்னா வித்தன்னு ஒரு வார்த்த கேட்டது இல்ல. காலேஜுக்குன்னா மட்டும் கேக்கற. சொன்னா எனக்கு இன்னா?"

"ஊருக்கு நல்லதுடீ."

"ஊருக்கு நல்லது! கொழா தண்ணிக்கு வெயில்ல ரோட்ல குந்தினது நாங்க. பேரு வாங்கினது நீ."

சொல்லிவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில் பார்த்தால், காலிக் கூடைகளோடு ஐந்தாறு பெண்களை இழுத்துக்கொண்டு கூடத்துப் படிக்கட்டில் வந்து நிற்கிறாள். அவள் குணம் அது. திட்டிக்கொண்டே செய்வாள்.

காலியைச் சுழி என்று போட்டதை டீச்சர் எடுத்துச் சொல்லிப் பேராசிரியரையும் ஒத்துக்கொள்ளவைத்தாள். அப்புறம் தினமும் நடந்தது. படிக்கட்டில் டீச்சர் உட்கார்ந்திருப்பாள். வியாபாரம் முடிந்து வருகிறவர்கள் என்ன மீன், எத்தனை கூடை, ஆற்றில் எந்தப் பக்கத்தில் பட்டது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருத்தி கூட்டிச் சொன்னால் பின்னால் நிற்கிறவளே, "அடியே, சாமிக்கு அடுக்காது, அவ்ளோவா இருந்துச்சு?" என்று குறைத்துவிடுவாள். எந்தக் கருவியும் அந்த வேலையைச் செய்யாது.

இரண்டாம் வாசிப்பு வந்தது. ஆள் பெயர் சொல்லாமல் ஆற்றில் இடம் இடமாக டீச்சர் மைக்கில் படித்தாள். முதலில் விறைப்பாக உட்கார்ந்திருந்த ஆம்பிளைகளுக்குத் தங்கள் ஆற்றைப் பற்றி யாரோ தப்பாகச் சொல்கிறார்கள் என்றதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அங்க கெளுத்தி கெடையாது மாமு! சாம்பல் வர ஆரம்பிச்சதுலேர்ந்து கெளுத்தி எங்க அங்க வருது? அது பாலத்தாண்ட பட்டது."

"பாலத்தாண்டைக்கு நீ எப்படா போன? நீ வூட்டுத் திண்ணைலேர்ந்து எழுந்ததே இல்லையே."

"ஏய், நான் போலன்னா என் பொண்டாட்டி போயிருப்பா, உனக்கு இன்னா?"

"அவ போறாடா. அதான் உங்க வூட்ல சோறு வேகுது."

கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே கெளுத்தியைப் பாலத்துக்குப் பக்கத்தில் மாற்றினாள். இப்படி மறுக்க மறுக்க, திருத்தத் திருத்த, கணக்கு நிலைத்து நின்றது. புதுக் கணக்கைச் சுவரில் கோடாகப் போட்டபோது அது ஏறியது, இறங்கியது, சில இடங்களில் படுத்தது, மறுபடி எழுந்தது. லாரி மோதின ஆள் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போகிற மாதிரி இருந்தது. மீன் குறைந்திருக்கிறது, சிறுத்திருக்கிறது, சில ஜாதி மீன் காணாமலே போயிருக்கிறது. அவ்வளவும் அதில் தெரிந்தது. ஆனால் ஆறு உயிரோடு இருக்கிறது என்பதும் தெரிந்தது. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் பயந்தது மாதிரியே கருத்துக்கேட்புக் கூட்டம் வந்தது. திட்டக்காரர்களுக்காக அறிக்கை தயாரித்த ஒருவர், அந்தப் பகுதியில் மீன்பிடித் தொழில் எதுவும் நடைபெறவில்லை என்று படித்தார். நான் எழுந்து என் பெயரையும் ஊரையும் சொல்லி, அது பொய் என்றேன். பேராசிரியர் எழுந்து எங்கள் கணக்குப் படத்தைக் காட்டினார். எங்கே, எந்த மாதத்தில், எந்த மீன், எத்தனை கூடை என்று கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள். திட்டம் இன்றைய தேதி வரைக்கும் நின்றிருக்கிறது. நாளைக்கு எப்படியோ தெரியாது.

ஊர் கொண்டாடியது. என் கூடத்தில் மேடை போட்டு, பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்தினார் தலைவர். ஊரைக் காப்பாற்றின தெய்வம் என்றார். நான் முன்வரிசையில் வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். தலைவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். கையைக் காட்டிக் கூப்பிட்டார். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

"மாமா, மைக்கு கரகரங்குது. கொஞ்சம் இன்னான்னு பாரேன்."

பார்த்தேன். சரி பண்ணினேன். இறங்கிவந்தேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உள்ளூர்க்காரனுக்கு உள்ளூரில் அவ்வளவுதான் மதிப்பு. படித்தவர்கள் அப்படி இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் அறிக்கையைப் புத்தகமாக வெளியிட்டார்கள். நானும் என் மனைவியும் போனோம். ஏசிக் குளிரில் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பேராசிரியர் பேசினார். 'பொதுவாசிப்புச் சரிபார்ப்பு முறை' என்று பெரிய எழுத்தில் திரையில் வந்தது. அதன் கீழே என் கூடம். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். சட்டை என்னுடையது, கை என்னுடையது. முகத்தில் மட்டும் எண்ணெய்ப் படலம் மாதிரி மங்கலாகப் பூசியிருந்தது.

வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒருவர், இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டார். களத்திலிருந்து கற்றுக்கொண்டோம் என்றார் பேராசிரியர். களத்துக்கு வாய் இருக்கிறதா? நிபந்தனை போடுமா? ஊரே ஒதுக்கி வைத்தால் டீக்கடையில் தனியாக உட்காருமா?

புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். அட்டையில் பேராசிரியர் பெயர், அவருக்குக் கீழே இன்னும் சில பெயர்கள். நான் எங்கே என்று கணக்கு டீச்சரிடம் கேட்டேன். பக்கத்தைத் திருப்பிக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'தகவலாளர் 7. ஆண், முதியவர், எஞ்சின் பழுதுபார்ப்பவர்.'

சாப்பாட்டு வரிசையில் பேராசிரியரைப் பிடித்தேன்.

"சார், இந்த ஏழு யாரு?"

"நீங்கதான் ஐயா."

"எனக்குத்தான் பேரு கீதே."

"ஆராய்ச்சி நெறிமுறை ஐயா. தகவல் கொடுத்தவங்க பெயரை வெளியிடக் கூடாது. உங்க பாதுகாப்புக்காகத்தான்."

"எவங்கிட்டேர்ந்து பாதுகாப்பு? நான் இன்னா காதுல ரகசியமா சொன்னனா? மைக்ல சொன்னேன். ஆபீசருங்க முன்ன பேர சொல்லிட்டுத்தான் பேசினேன்."

"விதி எல்லாருக்கும் பொது ஐயா."

"அப்ப உன் பேரு மட்டும் எப்படி சார் அட்டைல கீது? உனக்குப் பாதுகாப்பு வாணாமா?"

தட்டோடு பின்னால் நின்ற மாணவன் ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். பேராசிரியர் சிரிக்கவில்லை. கமிட்டியில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்டாரோ இல்லையோ, ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்புறம் போனில் சொன்னார். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர்தான். போகும்போது எதை மாட்டிக்கொண்டு போனார் என்பதுதான் கேள்வி.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கணக்கு டீச்சர் கூட வந்தாள். "நைனா, நன்றின்னு ஒரு பக்கம் எழுதி உன் பேர போட்டுக் குடுத்தேன். வெட்டிட்டாங்க. சண்ட போட்டுப் பாத்துட்டேன். என் பேரே மூணாவதாதான் கீது" என்றாள்.

"மூணாவதோ முப்பதாவதோ, உனக்குப் பேரு கீது. எனக்கு நம்பர்" என்றேன்.

அவள் கண் கலங்கியது. அதற்காக நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஊரில் வந்து தலைவரிடம் சொன்னேன். "ஊரு சேந்து செஞ்சது மாமா. ஒருத்தன் பேர போட்டா மத்தவன் கோச்சிப்பான்" என்றார். அதே ஊரில், கோயிலுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவன் பெயர் மூன்று இறக்கையிலும் எழுதியிருக்கிறது. அது சுற்றினால்தான் மறைகிறது.

வீட்டில் என் மனைவி, தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "பேரு பேருன்னு குதிக்கற. கணக்கு யாரு வாய்லேர்ந்து வந்துச்சு? உனக்காவது ஏழுன்னு ஒரு நம்பர் குடுத்தான். எங்க எல்லாரையும் மீன் விக்கிற பொம்பளைங்கன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டான். அத்த கேட்டியா நீ?"

கேட்கவில்லை. அவள் சொன்னது சரி. ஆனால் அவர்களிடம் கேள் என்று சொன்னது யார் என்பதும் ஒரு கேள்விதானே. அதை அவளிடம் சொன்னேன். தட்டை வைத்த சத்தத்தில் பதில் இருந்தது.

இப்போது அந்த முறையைக் கற்றுக்கொள்ள எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். என் கூடத்திலேயே பயிற்சி. பல்கலைக்கழகத்தின் பெயரும் பேராசிரியர் பெயரும் போட்ட பலகை ஒன்று வாசலில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கு எங்கள் ஆட்களைக் காட்டி, இவர்கள்தான் சமூகம் என்கிறார்கள். நானும் நிற்கிறேன், சமூகத்தில் ஒருத்தனாக. ஒரு பெண் என்னிடம் வந்து, தாத்தா, பொதுவாசிப்பு என்றால் என்ன தெரியுமா என்று கேட்டு, எனக்கு விளக்கினாள். நன்றாகத்தான் விளக்கினாள்.

இதில் யார் பெயரையும் நான் எழுதவில்லை. எல்லார் பெயரும் எனக்குத் தெரியும். பெயர் இல்லாமல் ஒரு பக்கத்தில் கிடப்பது எப்படி இருக்கும் என்று அவர்களும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும்.

புத்தகத்துக்கு மறுபதிப்பு வருகிறதாம். அதனால் கேட்கிறேன். கெஞ்சிக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறேன். ஆற்றில் ஒன்றுமில்லை என்று நாங்கள் எழுதினது தப்பு என எழுந்து நின்று சொன்னவர் இவர் என்று போடுங்கள். கரையில் கேட்காதே, விற்ற பிறகு பெண்களைக் கேள் என்று வழி காட்டினவர் இவர் என்று போடுங்கள். ஊர் முன்னால் உரக்கப் படிக்காமல் ஓர் எண்ணையும் எடுத்துப் போகக் கூடாது என்று நிபந்தனை போட்டவர் இவர் என்று போடுங்கள். என் பெயர், என் அப்பா பெயர், என் குப்பத்தின் பெயர், மூன்றும் வேண்டும். கணக்குச் சொன்ன பெண்கள் ஒவ்வொருவர் பெயரும் வேண்டும், என் மனைவி பெயர் அதில் முதலில். எனக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று எந்தக் காகிதத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அட்டையை நான் அளந்து பார்த்துவிட்டேன். உங்கள் பெயர்களுக்குக் கீழே நாலு விரல் இடம் சும்மா கிடக்கிறது. அங்கே போடுங்கள்.